மீனோடு பால், ராத்திரியில் தயிர்... கூடவே கூடாதா? செரிமானம் பற்றி ஆயுர்வேதம் சொல்வது என்ன?

வார இறுதி வந்தால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையோடு வண்டிகளுக்குத் தடை. சாப்பாட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. பஜ்ஜியில் ஆரம்பித்து, பீட்சா, கிரீம் சாஸ் ஊற்றிய மீன் என்று போய், ராத்திரி 11 மணிக்கு ஐஸ்கிரீமில் முடிப்பவர்கள் நிறைய பேர். மறுநாள் காலையில் வயிறு கல்லு மாதிரி இருக்கும். உடனே கூட வந்தவர்களில் ஒருவர் சொல்வார்: "மீன் சாப்பிட்டுட்டு பால் ஐட்டம் சாப்பிட்டா அப்படித்தான். ஆயுர்வேதத்துலயே கூடாதுன்னு சொல்லிருக்கு."

சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த நூல்கள் அதைவிட முக்கியமாகச் சொன்ன வேறொரு விஷயம் பெரும்பாலும் யார் காதிலும் விழுவதில்லை.

முந்தைய சாப்பாடு செரிச்சாச்சா?

செரிக்கும் ஆற்றலை ஆயுர்வேதம் 'அக்னி' என்கிறது. அது நான்கு வகை. சீராக எரிவது சமாக்னி, ஒருநாள் போல ஒருநாள் இல்லாதது விஷமாக்னி, அளவுக்கு மீறி எரிவது தீக்ஷ்ணாக்னி, மங்கிக் கிடப்பது மந்தாக்னி. சரியாகச் செரிக்காமல் தேங்குவதற்கு 'ஆமம்' என்று பெயர். இன்றைய மருத்துவத்தில் இதற்கு நேர் சமமான பொருள் எதுவும் கிடையாது. பழைய மருத்துவர்கள் உடம்பைப் புரிந்துகொண்ட ஒரு முறை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம் என்ற பகுதியில் சாப்பிடும் முறை விரிவாக வருகிறது. சூடாக, கொஞ்சம் நெய்ப்பசையோடு, அளவாகச் சாப்பிட வேண்டும். அவசரமாக விழுங்கவும் கூடாது, ஆறிப்போகும்வரை இழுத்தடிக்கவும் கூடாது. பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிடாமல் கவனம் தட்டில் இருக்க வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டே தட்டைக் காலி செய்பவர்களுக்கும் இது பொருந்தும்! எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய சாப்பாடு செரித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

செரித்துவிட்டது என்று எப்படித் தெரியும்? அதற்கும் அடையாளம் சொல்கிறார்கள்: சாப்பாட்டு வாசம் இல்லாத சுத்தமான ஏப்பம், உடம்பில் லேசான உணர்வு, மலம், சிறுநீர் தடையில்லாமல் போவது, நிஜமான பசியும் தாகமும். தமிழருக்கு இது புதுசு இல்லை. திருக்குறளில் 'மருந்து' என்ற 95-வது அதிகாரம் பேசுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

எவ்வளவு சாப்பிடலாம் என்பதற்கு அஷ்டாங்க ஹிருதயம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வயிற்றை நான்கு பங்காக்கினால் இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காலி. அளவுகோல் வைத்து அளக்க முடியாது. 'இன்னும் கொஞ்சம் போகும்' என்று தோன்றும்போதே எழுந்துவிடுங்கள் என்பதுதான் அர்த்தம்.

மீன் + பால், தயிர் + ராத்திரி

ஒன்றோடு ஒன்று சேராத உணவுகளை 'விருத்த ஆகாரம்' என்கிறது ஆயுர்வேதம். மீனும் பாலும் அதில் வருகின்றன. இரண்டையும் சேர்த்தால் வெண்புள்ளி வரும் என்ற பயம் இன்றும் பல வீடுகளில் உண்டு. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. வெண்புள்ளி என்பது உடலின் எதிர்ப்பு சக்தியே தோலின் நிறமி செல்களைத் தாக்குவதால் வருவது. வங்காளிகள் தயிர் ஊற்றிய மீன் குழம்பைக் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு வெண்ணெயும் கிரீமும் இல்லாமல் மீன் இறங்காது. ஆக, அந்த சனிக்கிழமை வயிற்றுக்குக் காரணம் பெரும்பாலும் அளவும் நேரமும்தான். கொழுப்பு அதிகமான உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் ஐஸ்கிரீமே உப்புசம் தரும், மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ராத்திரி தயிர் கூடாது என்று சரகர் சொல்வதும் நிஜம். பகலில்கூட தயிரைத் தனியாகச் சாப்பிடாமல் நெய், சர்க்கரை, பாசிப்பயறு, நெல்லிக்காய் போன்ற ஏதாவது ஒன்றோடு சேர்க்கச் சொல்கிறார். நவீன மருத்துவத்தில் இப்படி ஒரு தடை இல்லை. ஒத்துக்கொள்பவர்கள் பயமில்லாமல் சாப்பிடலாம். மோருக்கோ ஆயுர்வேதத்திலும் நல்ல பெயர்தான்.

இரண்டு மருத்துவமும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் படுப்பதற்கு 2 முதல் 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும், இடப்பக்கமாகப் படுப்பது நல்லது என்கிறார்கள் இன்றைய டாக்டர்கள். சாப்பிட்டபின் இடப்பக்கமாகச் சாய்வதை ஆயுர்வேதமும் பரிந்துரைக்கிறது.

வடகம் வயிற்றுக்கு நல்லதா?

சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டி வெயிலில் காயவைக்கும் தாளிப்பு வடகம் புதுச்சேரி சமையலின் உயிர். கப்பலேறிப் போய் பிரெஞ்சுச் சமையலில் 'வதூவான்' என்று பெயர் மாற்றிக்கொண்டதும் இதுதான். இதில் உள்ள சீரகமும் பூண்டும் பசியைத் தூண்டும் பொருட்கள் என்கிறது ஆயுர்வேதம். அதே வெங்காயமும் பூண்டும்தான் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு வாயுத் தொல்லையை அதிகமாக்கும் என்கிறது இன்றைய உணவியல். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று பார்த்துத்தான் உணவைச் சொல்ல வேண்டும் என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை. எல்லோருக்கும் ஒரே பட்டியலை அனுப்பும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

லேகியம், சூரணம் என்றால் பக்கவிளைவே கிடையாது என்று நினைக்க வேண்டாம். 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற உலோகங்கள் இருந்தன. ஆயுர்வேதம்தான் வேண்டும் என்றால் அதில் பட்டம் பெற்ற மருத்துவரிடமே போங்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்திலேயே, மாஹேயில் ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், 'பசித்தால்தான் சாப்பிடுவேன்' என்று டாக்டரைக் கேட்காமல் வேளை தவறவிடக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, வாரக்கணக்கில் தீராத வயிற்று வலி, இதில் எது இருந்தாலும் கஷாயம் போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதைவிட அவசரமானது இன்னொன்று. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் "கேஸ்தான், ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.