தெலக்ருவாவின் சிங்கி இறால்கள்

வேட்டையில் வீழ்ந்த முயலையும் பறவையையும் வரைவது பிரெஞ்சு ஓவியர்க்குப் பழகிய தொழிலே. அத்தகைய படங்கள் செல்வரின் உணவறைச் சுவர்களை அணிசெய்தன. ஆயினும் பெருமதிப்புப் பெற்றனவல்ல. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கலைக்கழகம் வகுத்த வரிசையில் புராண, சரித்திரக் காட்சிகள் தலையிடம் பெற்றன. உயிரற்ற பொருள்களின் ஓவியம் கடைசியில் நின்றது. 1728-இல் திருக்கை மீன் ஓவியத்தின் வலிமையால் ஷார்தென் அக்கழகத்துள் புகுந்தார் என்பது உண்மை. வரிசை மட்டும் மாறவில்லை.

சரித்திரக் காட்சிகளால் பெயர்பெற்ற எழேன் தெலக்ருவா, 1826-27-இல், தளபதி கொயத்லோஸ்கே என்பவருக்காக இக்கடைநிலை வகையில் ஓர் ஓவியம் தீட்டினார். திறந்த வெளியில் முயல், ஃபெசண்ட் பறவை, துப்பாக்கி, வேட்டைப் பை, ஸ்காட்லாந்துக் கட்டத்துணி, ஒரு பல்லி ஆகியவற்றைக் காண்கிறோம். இவற்றிடையே இரண்டு சிங்கி இறால்கள் செக்கச்செவேலென்று கிடக்கின்றன!

இங்கேதான் நமக்கு வியப்பு உண்டாகிறது. கடலில் வாழும் ஐரோப்பியச் சிங்கி இறால் கருநீல நிறமுடையது. அதன் ஓட்டிலுள்ள செந்நிறப் பொருளைப் புரதம் ஒன்று பற்றி நின்று நீலமாகக் காட்டுகிறது. கொதிநீரில் அப்பிடி தளரவே சிவப்பு வெளிப்படுகிறது. ஆகவே இவை வெந்தவை. வேட்டைக்காடு எங்கே, சமைத்த இறால் எங்கே? சமையற்காரர் சிரிப்பார். ஓவியருக்கு வேண்டியதோ சிவப்பு என்றே நாம் கருதுகிறோம். பசுமை விரிந்த நிலத்தில் அதற்கு நேர் எதிரான நிறம் சுடர்விடுகிறது. தொலைவில் வேட்டைக்காரரின் சிவப்பு அங்கிகளும் அதற்கு மறுமொழி கூறுகின்றன.

பின்னணி நிலம் ஆங்கிலச் சாயலுடையது. 1824-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் கான்ஸ்டபிளின் இயற்கைக் காட்சிகளைக் கண்டு வியந்தவர் தெலக்ருவா. மறு ஆண்டே இங்கிலாந்து சென்று வந்தார்.

1827-இல் தொடங்கிய கண்காட்சியில் இவ்வோவியம் இடம்பெற்றது. அதே கண்காட்சியில் பின்னர் தொங்கவிடப்பட்ட அவரது 'சர்தனபாலஸின் மரணம்' கடுங்கண்டனத்துக்கு ஆளாயிற்று. அரசாங்க ஆதரவு வேண்டுமாயின் பாணியை மாற்றுக என்று கலைத்துறை அதிகாரியே அவரை எச்சரித்தார். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரமும் 106 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இந்த இறால் ஓவியம், 1906-இல் மொரோ-நெலாதோன் வழங்கிய நன்கொடையுடன் லூவர் அரும்பொருட்சாலையை அடைந்தது.