எல்லை மாறிய ஊரும் உயர்கல்வியும்

மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் கௌதள்ளி என்றோர் ஊர் உண்டு. அந்நாளில் கொள்ளேகாலம் வட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் 1ஆம் நாள் அவ்வட்டம் மைசூருடன் இணைந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அது நோக்கிய பல்கலைக்கழகம் மாறிற்று.

மைசூர் மகாராஜா கல்லூரியும் முன்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தையே சார்ந்திருந்தது. 1916இல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் மைசூருக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் கண்டனர். உயர்கல்வி அருகில் வந்தது.

அடுத்து எழுந்த வினா பயிற்று மொழி பற்றியது. 1956இல் துணைவேந்தரான கவிஞர் குவெம்பு, கன்னடத்தில் உயர்கல்வி புகட்டப் பெரிதும் முயன்றார். 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழில் பட்ட வகுப்பு தொடங்கிற்று. இரண்டும் நன்முயற்சிகளே. ஆயினும் வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசும் கௌதள்ளிப் பிள்ளை எவ்வகுப்பில் அமர்வது?

வெளிமாநிலங்களில் வாழும் நம் அனைவர்க்கும் உரிய வினா இது. வாழும் மண்ணின் மொழியில் கற்பது இழப்பன்று. தாய்மொழியை ஒரு பாடமாகவேனும் தொடர வழியின்றிப் போவதே இழப்பு என்பது நம் கருத்து.

தொலைவும் ஒரு தடையே. கௌதள்ளி அடங்கிய சாமராஜநகர் மாவட்டத்திற்கு 2023இல் தனிப் பல்கலைக்கழகம் வாய்த்தது; 2025இலேயே அதனை மூடிவிடலாமா என்ற ஆலோசனை எழுந்தது. செலவுக் கணக்கைப் பார்ப்போர், எல்லையோர ஏழை மாணவரின் பேருந்துக் கட்டணத்தையும் அக்கணக்கில் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.