பெயரிலேயே இருக்கும் அலகு: காந்தக் கணியங்களும் தமிழ்ப் பௌதிகக் கலைச்சொற்களும்

இலங்கையின் கம்பளையில் புவியின் காந்தப் பாய அடர்த்தி ஏறத்தாழ 40 மைக்ரோதெசுலா, அதாவது 0.4 கவுஸ். அதே இடத்தில் காந்தப்புலச் செறிவு 0.4 ஓர்ஸ்டெட், அதாவது மீற்றருக்கு ஏறத்தாழ 32 அம்பியர். உயர்தர மாணவர் பலர் இந்நான்கையும் நாணயமாற்றுப்போலப் பெருக்கி வகுத்துக் கடந்துவிடுகின்றனர். ஆனால் இங்குள்ள கணியங்கள் இரண்டு. அவற்றைப் பிரித்துக்காட்ட 'காந்தப் பாய அடர்த்தி', 'காந்தப்புலச் செறிவு' என்னும் சொற்களே போதும் என்பதும், இரண்டையும் 'காந்தப்புலம்' என்று சுருக்குவது தவறு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

குழப்பம் பழையது. 1900இல் பாரிஸ் மின்னியல் மாநாடு ஏற்ற கவுஸ், பின்னர் இரு கணியங்களுக்கும் வழங்கலாயிற்று. 1930இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு கவுஸைப் பாய அடர்த்திக்கும் ஓர்ஸ்டெட்டைப் புலச்செறிவுக்கும் ஒதுக்கியது. எனினும் கவுஸ் முறையில் இரண்டின் பரிமாணமும் ஒன்றே. வெற்றிடத்தில் எண்ணும் ஒன்றே. பெயர் பிரிந்தும் பொருள் பிரியவில்லை. 1960இல் சர்வதேச அலகுமுறையில் இடம்பெற்ற தெசுலா, சதுர மீற்றருக்கு ஒரு வெபர் பாயம். புலச்செறிவின் அலகோ மீற்றருக்கு அம்பியர்.

இவ்வேறுபாட்டை ஆய்வுகூட மேசையிலேயே காணலாம். 7.5 சென்ரிமீற்றர் ஆரையும் 10 முறுக்குகளும் கொண்ட வட்டச் சுருளைத் திசைகாட்டி ஊசி காட்டும் வட–தென் தளத்தில் நிறுத்தி, மையத்தில் ஊசியை வையுங்கள். காந்த மத்தியகோடு அருகே செல்வதால், கம்பளையில் புவிப்புலம் கிட்டத்தட்ட முழுவதும் கிடையானது. ஏறத்தாழ 0.48 அம்பியர் பாயும்போது ஊசி 45 பாகை திரும்பும். முறுக்கெண்ணை மின்னோட்டத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் மீற்றருக்கு 32 அம்பியர் கிடைக்கும். இதற்கு அம்பியர்மானியும் அளவுகோலும் போதும். ஊடகத்தைப்பற்றி எதுவும் அறியவேண்டியதில்லை. இதே செறிவை, வெற்றிடத்தைவிட 1000 மடங்கு பாயத்தை உட்புகவிடும் இரும்பு வளையத்தில் ஏற்படுத்தினால், செறிவு 32 ஆகவே நிற்க, பாய அடர்த்தி 40 மில்லிதெசுலாவாகும். முன்னது நாம் கொடுப்பது. பின்னது பொருள் தருவது.

வெற்றிடத்தில் இரண்டும் ஒன்றே, கவுஸ் முறையே இயல்பானது என்பர் சிலர். வானியலாளர் இன்றும் கவுஸைக் கைவிடவில்லை. வெற்றிடத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் கம்பளைக்கு அண்மையிலுள்ள 201 மெகாவாற்றுக் கொத்மலை நிலையம் போன்றவற்றின் மின்பிறப்பாக்கிகள் இரும்பு அகணியால் இயங்குபவை. அங்கே கொடுப்பதையும் பெறுவதையும் ஒரே சொல்லால் அழைக்க முடியாது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாய அடர்த்தி பெரும்பாலும் 'காந்தப்புலம்' என்றே வழங்குகிறது. சொல் சிறியது, ஆனால் அலகை அது நினைவூட்டுவதில்லை. 'பாய அடர்த்தி' என்றதும் பாயத்தைப் பரப்பால் வகுக்கவேண்டும் என்பது மாணவர் காதில் விழுகிறது. வெபரும் சதுர மீற்றரும் தாமே வந்துசேர்கின்றன. எனவே நீளமானாலும் இச்சொல்லை நாம் காக்கவேண்டும். அலகு மனனம் செய்யவேண்டிய குறியன்று, கணியத்தின் வரைவிலக்கணம் என்பதை மாணவருக்குத் தாய்மொழியிலேயே உணர்த்தும் சொல் அது.