அழைப்பு வரும் வீடு: இந்திய பிபிஎஸ் வரலாறு, லோயர் கேம்பிலிருந்து ஒரு பார்வை

லோயர் கேம்பிலிருந்து குமுளி, மலைப்பாதையில் ஏறினால் சில கிலோமீட்டர்தான். தொலைபேசிக் கணக்கில் இரண்டும் வேறு வட்டாரங்கள். கீழே 04554, மேலே 04869. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் முற்பாதியிலும் இந்தியப் பெருநகரங்களில் சில கணினி ஆர்வலர்கள் வீட்டுத் தொலைபேசியில் மோடத்தை இணைத்து ‘புல்லட்டின் போர்டு’ என்ற அறிவிப்புப் பலகை நடத்தினார்கள். சுருக்கமாக பிபிஎஸ். அந்த வரலாற்றைப் பெரும்பாலும் பலகை இருந்த நகரங்களில் நின்றே சொல்லிவந்திருக்கிறார்கள். அழைக்க வேண்டியவர் எவ்வளவு தொலைவில் இருந்தார், அந்த அழைப்புக்கு என்ன செலவாகும் என்று கேட்டால் வேறொரு படம் கிடைக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், லோயர் கேம்பில் நின்று அதைக் கேட்பது இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கம் அமெரிக்காவில். 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சிபிபிஎஸ் என்ற முதல் பலகையை இயக்கினர். அதற்கு முந்தைய மாதம் அடித்த பனிப்புயலில் வீட்டுக்குள் முடங்கியபோது பிறந்த யோசனை அது. ஏற்பாடு எளியது. மோடம் மணியடிப்பதை உணர்ந்து எடுக்கும். அழைத்தவர் செய்தி படிப்பார், பதில் எழுதுவார், கோப்பு இறக்குவார், துண்டிப்பார். ஒரே இணைப்பு என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான், மற்றவருக்கு ‘பிஸி டோன்’. 1984இல் டாம் ஜென்னிங்ஸ் உருவாக்கிய ஃபிடோநெட் இந்தத் தனித்தனிப் பலகைகளைக் கோத்தது. நள்ளிரவில் பலகைகள் ஒன்றையொன்று அழைத்து அஞ்சலை மாற்றிக்கொள்ளும். எந்த மையக் கணினியும் வேண்டியதில்லை. வீட்டின் தொலைபேசி எண்ணே முகவரி. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் பெங்களூரின் அதுல் சிட்னிஸ் 1989இல் தொடங்கிய சிக்ஸ், நாட்டின் தொடக்ககாலப் பலகைகளில் ஒன்று. பம்பாயில் ‘லைவ் வயர்’ இருந்தது. ஃபிடோநெட்டின் ஆறாம் மண்டலமான ஆசியாவில் இந்தியாவுக்கும் இடம் கிடைத்தது. சிட்னிஸ் பிசி குவெஸ்ட் இதழில் தரவுத் தொடர்பு பற்றித் தொடர்ந்து பத்தி எழுதினார். மோடத்தைத் தொட்டே பார்க்காத ஊர்களுக்கும் அந்த இதழ் அஞ்சலில் போய்ச் சேர்ந்தது என்பதால், அந்தப் பத்தியையும் இந்த வரலாற்றின் உறுப்பாகவே கொள்கிறேன். பழைய தொலைபேசி இணைப்பகங்கள் பல டயல் சுழற்றும் துடிப்புகளை மட்டுமே அறிந்தவை. ஆகவே மோடத்துக்கு ‘ஏடிடிடி’ என்று கட்டளையிடாமல் ‘ஏடிடிபி’ என்று இட வேண்டும். அதன் பிறகு கம்பியின் இரைச்சல். மழைக்காலத்தில் திரையில் எழுத்துக்கு நடுவே குப்பைக் குறிகள் கொட்டும். கிறிஸ்டென்சன் 1977இல் எழுதிய எக்ஸ்மோடம் நெறிமுறை கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் சரிபார்த்து, கெட்டதை மட்டும் மறுபடி கேட்டு வாங்கியது. மோசமான கம்பிக்கென்றே செய்ததுபோல அது இங்கே பொருந்தியது.

லோயர் கேம்பிலிருந்து நேர்கோட்டில் சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர், பெங்களூர் 350க்குச் சற்று மேல். எஸ்.டி.டி. எனும் வெளியூர் அழைப்பின் கட்டணம் இந்த நேர்கோட்டைத்தான் பார்த்தது. எனவே கம்பம், கூடலூர்க்காரருக்குத் தம் மாநிலத் தலைநகரைவிடப் பக்கத்து மாநிலத் தலைநகர் அருகில் இருந்தது. ஆனாலும் மீட்டர் விநாடிக் கணக்கில் ஓடும். இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் வெளியூர்க்காரரின் பிபிஎஸ் நேரம் நள்ளிரவு. திரையில் நிதானமாகப் படிப்பது கட்டுப்படியாகாது. அதற்கு வந்த தீர்வுதான் கியூடபிள்யூகே பொதி. புதிய செய்திகள் எல்லாவற்றையும் ஒரே சுருக்கக் கோப்பாக இறக்கி, இணைப்பைத் துண்டித்து, ஓய்வாகப் படித்து, பதில்களை அடுத்த அழைப்பில் ஏற்றலாம். 2400 பிட் வேக மோடம் விநாடிக்குச் சுமார் 240 எழுத்து கொண்டுவரும். 60 கிலோபைட் பொதிக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். உள்ளூர்க்காரர் பலகையில் உட்கார்ந்து பேசினார், தொலைவூர்க்காரர் அஞ்சல் எடுத்துக்கொண்டு ஓடினார்.

அந்த அஞ்சலில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. டாஸ் திரையின் 437ஆம் குறிப்பக்கத்தில் ஆங்கிலமும், ஐரோப்பிய எழுத்துகள் சிலவும், கட்டம் போடும் கோடுகளும்தான் இருந்தன. தமிழில் எழுத விரும்பியவர் ரோமன் எழுத்தில் எழுத வேண்டியிருந்தது.

தூரமும் மொழியும் போக மூன்றாவது தடை சட்டம். 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தி நடத்தும் ஏகபோக உரிமையை அரசுக்கு அளித்தது. நூறாண்டு கழித்து மோடம் வந்தபோதும் அந்தச் சட்டமே ஆண்டது. அரசு நிறுவனங்களுக்கு அது இடையூறாக இல்லை. மின்வாரியங்கள் உயர் அழுத்தக் கம்பிகளிலேயே குரலையும் தரவையும் அனுப்பும் பி.எல்.சி.சி. முறையைப் பரவலாகப் பயன்படுத்தின. வீட்டில் பலகை நடத்துபவர் மட்டும் எந்த வகைக்குள்ளும் அடங்கவில்லை.

1992இல் மின்னஞ்சல், பேஜர் போன்ற மதிப்புக்கூட்டுச் சேவைகள் தனியாருக்குத் திறக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியாக, பிபிஎஸ் நடத்த ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய், மின்னஞ்சல் சேவைக்கு 25 லட்சம் ரூபாய் என்று தொலைத்தொடர்புத் துறை உரிமக் கட்டணம் வைத்தது. வணிக நிறுவனத்துக்கும், படுக்கையறை மேசையில் ஒரு கணினியை இரவெல்லாம் ஓடவிட்டவருக்கும் ஒரே விதி. இதை எதிர்த்து மின்னணு வெளிப்பாட்டு உரிமைக்கான மன்றம் ஒன்று அமைந்து, பன்னாட்டு ஆதரவும் தேடியது. கட்டணத்தின் நோக்கம் வருவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தொகையைக் கட்டக்கூடிய பொழுதுபோக்காளர் எவரும் இல்லை என்பது துறைக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் சேவை தரலாம் என்ற எண்ணமே அதன் அகராதியில் இல்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தனிநபர் டிசிபி/ஐபி கணக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய், மாணவரின் ஷெல் கணக்கு 500 ரூபாய். பலகைகள் மெல்ல அடங்கின. 2007இல் ஃபிடோநெட்டின் ஆறாம் மண்டலமும் கலைக்கப்பட்டு, மிஞ்சியிருந்தவை மூன்றாம் மண்டலத்தோடு சேர்க்கப்பட்டன.

இன்றும் பிபிஎஸ் உண்டு. சின்க்ரோநெட், மிஸ்டிக் போன்ற மென்பொருள்கள் உள்ளங்கையளவு ‘ராஸ்பெரி பை’ கணினியில் ஓடுகின்றன. அழைப்பு இணையத்தில் டெல்நெட் வழியாக வருகிறது. மோடத்தையே வைத்து நடத்துவதுதான் கடினம். கைபேசி வலையமைப்பு மனிதக் குரலுக்கேற்ப ஒலியைச் சுருக்குவதால் மோடத்தின் கீச்சொலி அதில் பிழைக்காது. ஃபைபரில் வரும் தொலைபேசியும் இணையவழிக் குரல்தான்.

இதைவிடப் பெரிய மாற்றம் முகவரியில். இன்றைய வீட்டு இணைப்புகள் பலவற்றுக்குத் தனி ஐபிவி4 எண் கிடையாது. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே எண்ணுக்குப் பின்னால் நிற்கின்றன. லோயர் கேம்பிலிருந்து உலகின் எந்த மூலைக்கும் போகலாம், லோயர் கேம்பில் உள்ள ஒரு வீட்டுக்கு வெளியிலிருந்து வருவது அரிது. ஐபிவி6 இருந்தால் வழி உண்டு. இல்லாதவர் எங்கோ ஒரு தரவு மையத்தில் கணினியை வாடகைக்கு எடுக்கிறார். 1989இன் கறுப்புத் தொலைபேசிக்கு இந்தக் குறை இல்லை. அந்த வகையில் இன்றைய பொழுதுபோக்காளர், அழைப்புக் கட்டணம் போனதில் பெற்ற சுதந்திரத்தில் பாதியை முகவரியில் இழந்திருக்கிறார். பிபிஎஸ்ஸின் உண்மையான வாரிசைத் தேடினால் டெல்நெட்டைவிட வானொலியைப் பார்க்கலாம். 2005 முதல் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மெஷ்டாஸ்டிக் கருவிகள் குறுஞ்செய்தியைக் கருவிக்குக் கருவி கடத்துகின்றன. இருபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் உச்சியில் வைக்கும் ஒரு கருவிக்குக் கீழே பல ஊர்கள் நேர்பார்வையில் அமையும்.

பழைய பலகைகளின் ஆவணத்துக்கு எங்கே போவது? அமெரிக்காவில் ஜேசன் ஸ்காட் 1998 முதல் அக்காலக் கோப்புகளைத் திரட்டி, 2005இல் ஆவணப்படமும் எடுத்தார். இந்தியப் பலகைகளின் செய்திகளை ஆராய்பவர் முதலில் பலகை நடத்தியவரின் வன்தட்டைத் தேடுவார். இடம் போதாமல் பழைய செய்திகளை அழிப்பது பலகைகளின் அன்றாட வேலை என்பதால் அங்கே மிஞ்சுவது குறைவாகவே இருக்கும். உள்ளூர்க்காரரும் திரையிலேயே படித்துவிட்டுப் போனவர். எஸ்.டி.டி. கட்டணத்துக்குப் பயந்து பொதி பொதியாக இறக்கிக்கொண்டவரிடம்தான் படி தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே கள ஆய்வைப் பெங்களூரிலோ பம்பாயிலோ தொடங்காமல், தொலைவூர்களில் பரணில் கிடக்கும் 1.44 மெகாபைட் ஃபிளாப்பிகளிலிருந்து தொடங்கலாம். யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் இன்னும் விலைக்குக் கிடைக்கிறது.