நீல பாட்டிலும் பள்ளி நோட்டும்

தலைவலிக்கு ஒரு வைத்தியம். மந்திரத்தைப் பாடி முடித்ததும் உள்ளங்கையில் எச்சிலை எடுத்து இரண்டு நெற்றிப்பொட்டிலும் பிடரியிலும் தடவ வேண்டும். பிறகு பரமண்டல ஜெபத்தை மூன்று தடவை பாடி, உச்சந்தலையில் அதே எச்சிலால் சிலுவை போட வேண்டும். இதைத் தினமும் செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடத்து நூலகத்தில் உள்ள ஓர் ஏட்டில், பழைய ஐரிஷ் மொழியில் இது எழுதியிருக்கிறது. எழுதி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதே ஏட்டில் முள் எடுக்க ஒரு மந்திரம். அதில் கொல்லர் தெய்வமான கொய்ப்னியுவின் பெயர் வருகிறது. களிம்பு போடும்போது சொல்வதற்கு இன்னொன்று. அதில் வைத்தியத் தெய்வமான தியான் கேக்ட். சிறுநீர்க் கோளாறுக்கும் ஒன்று உண்டு.

ஐரிஷ் மொழியில் நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய மந்திரங்களில் இவை அடக்கம். மின்னலை வரவழைக்கவோ எதிரியைக் கல்லாக்கவோ இவற்றில் வழி இல்லை. தலைவலி, முள், நீர்க்கடுப்பு. நான் அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் நர்ஸ். கேஷுவல்ட்டியில் ஒரு ஷிப்ட் முழுக்க நான் கேட்கும் புகார்களும் ஏறக்குறைய இவைதான்.

கோவையில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் போனில் கேட்டாள்: “பெரியம்மா, நீங்க அயர்லாந்துலயே இருக்கீங்களே, கெல்டிக் மேஜிக் கத்துக்கோணும்னா எந்தப் புக்குல ஆரம்பிக்கறதுங்க?” அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவளைப் போல ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில், கடையில் என்ன விற்கிறார்கள் என்று பார்க்கலாம். வெள்ளை அங்கி போட்ட ட்ரூயிட் பூசாரி, தங்க அரிவாள், ஓக் மரத்திலிருந்து அறுத்த புல்லுருவி. இந்தப் படம் முழுவதும் ரோமாபுரிக்காரர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ஒரே பத்தியிலிருந்து வந்தது. பிறையின் ஆறாம் நாள், இரண்டு வெள்ளைக் காளைகளின் பலி என்று அவர் விவரம் தருகிறார். அதைத் தாண்டி அந்தச் சடங்குக்கு வேறு சாட்சி இல்லை. அவருக்கு முன்பே ஜூலியஸ் சீசர், ட்ரூயிட் கல்வி சிலருக்கு 20 ஆண்டுகள் பிடிக்கும் என்றும், பாடத்தை எழுதி வைப்பது அவர்களுக்கு ஆகாது என்றும் குறித்திருக்கிறார். அறிந்தவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் வெளியாட்கள், அதிலும் சீசர் அவர்களோடு போர் செய்தவர். ஆகவே ட்ரூயிட்டுகளின் பாடம் ஒரு வரிகூட நமக்கு வந்து சேரவில்லை.

வெற்றிடம் இருந்தால் நிரப்ப ஆள் வருவார். இங்கே வந்தவர் எட்வர்ட் வில்லியம்ஸ், வேல்ஸ் நாட்டுக் கல்தச்சர். யோலோ மோர்கனக் என்று பெயர் வைத்துக்கொண்டார். அபின் கலந்த லாடனம் மருந்துக்கு அடிமை. பழைய வேல்ஷ் ஏடுகளில் மகா புலமை. போலி ஏடு தயாரிப்பதில் அதைவிடப் பெரிய திறமை. 1792இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் சிறு கற்களை வட்டமாக வைத்து, ஆதி ட்ரூயிட்டுகளின் சபை இது என்று ஒரு சடங்கு நடத்தினார். 1819இல் கார்மார்தனில் நடந்த கவிதை விழாவோடு அது ஒட்டிக்கொண்டது. வேல்ஸின் தேசிய விழாவில் இன்றும் அந்தச் சடங்கு நடக்கிறது. அவர் காட்டிய ஏடுகளில் பல அவரே எழுதியவை என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் ஐயமின்றி நிறுவப்பட்டது.

கெல்டிக் மர ஜோதிடம் என்று பிறந்த தேதிக்கு ஒரு மரம் சொல்கிறார்களே, அதன் வேர் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948இல் வெளியிட்ட ‘வெள்ளைத் தேவி’ நூலில் இருக்கிறது. ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்துகளை வைத்து 13 மாத நாட்காட்டி ஒன்றை அவர் கட்டினார். உண்மையான ஓகம் கல்வெட்டுகள் சுமார் 400 கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் இருப்பது இன்னார் மகன் இன்னார் என்ற பெயர்தான். ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை என்ற சக்கரமும் 1950களின் இங்கிலாந்தில் கோத்ததுதான். அதில் சவன், இம்போல்க், பெல்டன, லூனசா என்ற நான்கு மட்டும் அயர்லாந்தின் பழைய பருவ நாட்கள்.

புதிதாக உண்டாக்கியதால் அது கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதில் மன அமைதி காண்பவர்கள் இருக்கிறார்கள். 1964இல் லண்டனில் தொடங்கிய ட்ரூயிட் சங்கத்துக்கு இன்று பல நாடுகளில் உறுப்பினர்கள். இருநூறு வருடச் சரக்குக்கு இரண்டாயிரம் வருட முத்திரை குத்தி விற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சரி, பழையது எங்கே? ஃபீக்கிளில். கிளேர் கவுண்டியின் கிழக்கே உள்ள சிற்றூர் அது. 1798 வாக்கில் அந்த வட்டாரத்தில் பிறந்தவர் பிடி ஏர்லி. இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தவர், பல தடவை மணந்து பல தடவை விதவையானவர். அவரிடம் நீலமோ கறுப்போ, ஒரு பாட்டில் இருந்ததாம். இறந்துபோன மகன் கொடுத்தான் என்று ஒரு கதை, இறந்த சகோதரன் கொடுத்தான் என்று இன்னொரு கதை. அதற்குள் பார்த்து, வந்தவரின் நோயையும் காரணத்தையும் சொல்வார். வந்தவர்களிடம் காசு வாங்கமாட்டார். விஸ்கியோ கோழியோ கொண்டுவந்தால் மறுக்கமாட்டார். பாதிரிமார் அவர் வீட்டுக்குப் போகாதே என்று பிரசங்கம் செய்தார்கள். ஜனங்கள் ஞாயிறு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். 1865இல் சூனியக்காரி என்று எனிஸ் கோர்ட்டுக்கு இழுத்தார்கள், சாட்சி சொல்ல ஒருவரும் வராததால் கேஸ் நிற்கவில்லை என்பது ஊர்ப்பேச்சு. 1874இல் இறந்தார். அந்த பாட்டில் கில்பாரன் ஏரியில் கிடப்பதாக இன்றும் சொல்கிறார்கள்.

அவர் இறந்து ஒரு தலைமுறை கழிந்ததும் ஐரிஷ் எழுத்தாளர் லேடி கிரெகரி அந்தப் பக்கம் போய், பிடியைப் பார்த்தவர்கள் சொன்னதை எழுதி எடுத்தார். 1920இல் இரண்டு பாகங்களாக வந்த அவருடைய நூலில் அவை இருக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. மருந்து பாட்டிலைக் கொடுக்கும்போது பிடி எச்சரிப்பாராம்: போகும் வழியில் இன்ன இடத்தில் குதிரை மிரளும், பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். மருந்தைச் சுமந்து போகிறவன் இருட்டில், அந்த வளைவில், இரண்டு கையாலும் அதைக் காக்கிறான். அந்த நிமிஷத்தில் அவனும் வைத்தியத்தில் பங்காளி ஆகிவிடுகிறான். நோயாளியின் வீட்டாரை இப்படி ஈடுபடுத்துவது எவ்வளவு கடினம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய புதையல் பிள்ளைகள் எழுதியது. 1935இல் அமைந்த ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஒரு வேலை செய்தது. ஆரம்பப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். சுமார் 5,000 பள்ளிகள், ஏறத்தாழ 50,000 பிள்ளைகள். அந்த நோட்டுகள் டப்ளினில் யுனிவர்சிட்டி காலேஜில் இருக்கின்றன. ஸ்கேன் செய்தும் வைத்திருக்கிறார்கள், யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

ஊர் வைத்தியம் என்ற தலைப்பைத் திறந்தால் போதும். கக்குவான் இருமலா? வெள்ளைக் குதிரையில் வருகிறவனை நிறுத்தி என்ன கொடுக்கலாம் என்று கேள். அவன் வாயில் வந்ததே மருந்து. அல்லது, பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே குடும்பப் பெயர் உள்ள பெண்ணின் கையால் ரொட்டி வாங்கிக் கொடு. மருவா? கொல்லன் காய்ச்சிய இரும்பைத் தோய்க்கும் தொட்டித் தண்ணீரில் கழுவு. ஏழாவது மகனுக்கு ஏழாவது மகனாகப் பிறந்தவன் கை வைத்தால் பல நோய் போகும். வைத்தியம் செய்பவருக்குக் காசு கொடுக்கக் கூடாது. பல இடங்களில் நன்றிகூடச் சொல்லக் கூடாது. நம்மூரில் மஞ்சள்காமாலைக்குப் பச்சிலை அரைத்துக் கொடுக்கும் குடும்பங்கள் கைநீட்டி வாங்குவதில்லையே, அதே கண்டிப்பு.

இந்த நோட்டுகளைப் படித்தபின் எனக்குத் தெளிவானது இதுதான்: பழைய வழக்கத்தில் மாயம் யாரும் விரும்பிக் கற்ற கலையே இல்லை. பிறந்த வரிசையால், கட்டிக்கொண்டவன் பெயரால், செய்த தொழிலால் அது ஒருவர் மேல் வந்து விழுந்தது. விழுந்தபின் நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் எழுந்து வரவேண்டியது அவர் கடமை. சக்தி வேண்டும் என்று தேடிப்போனவர்கள் இதில் இல்லை.

இருட்டையும் சொல்லிவிட வேண்டும். 1895 மார்ச்சில் டிப்பரரியின் பாலிவாட்லியில் பிரிஜிட் கிளியரி என்ற இளம் தையல்காரி காய்ச்சலில் படுத்தார். டாக்டர் வந்து மருந்தும் எழுதிக் கொடுத்தார். படுத்திருப்பது தன் மனைவியே இல்லை, தேவதைக் கூட்டம் அவளைக் கொண்டுபோய் இதை மாற்றி வைத்திருக்கிறது என்று கணவர் மைக்கேல் நம்பினார். உறவினர்கள் பிடித்துக்கொள்ள, பாலில் காய்ச்சிய மூலிகையை வாயில் திணித்தார்கள். நீ யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் கணவர் கையாலேயே எரிந்து செத்தார். மைக்கேலுக்கு 20 ஆண்டு தண்டனை, 15 ஆண்டு சிறையில் இருந்தார்.

மாற்றி வைத்த பிள்ளை என்று சந்தேகம் வந்தால் ஃபாக்ஸ்குளோவ் செடியின் சாற்றைக் கொடுத்துப் பார்க்கும் வழக்கமும் இங்கே இருந்தது. அந்தச் செடி வகையிலிருந்து வரும் டிஜாக்ஸின் என்ற இதய மருந்தை நாங்கள் வார்டில் கொடுக்கிறோம், நாடித்துடிப்பை எண்ணிய பிறகு. பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுவோம். அதே சாற்றை ஒரு குழந்தைக்கு அளவில்லாமல் புகட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை. அங்கியும் குறிசொல்லும் சீட்டுக்கட்டும் வாங்காதீர்கள். லேடி கிரெகரியின் நூலைப் படியுங்கள். காப்புரிமை முடிந்துவிட்டது, இலவசமாகவே கிடைக்கும். பிறகு ஒரே ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து அந்தப் பள்ளி நோட்டை முழுசாகப் படியுங்கள். கிணறு, மரம், கொல்லன் பட்டறை, வைத்தியம் தெரிந்தவர் வீடு எல்லாம் எங்கெங்கே இருந்தன என்று ஒரு வரைபடம் போடுங்கள். இந்தப் பக்கம் வந்தால் லிஸ்கானர் அருகே புனித பிரிஜிட் கிணற்றுக்குப் போங்கள். குறுகிய நடைவழியின் சுவர் முழுக்க ஜெபமாலைகள், போட்டோக்கள், இறந்தவர் நினைவு அட்டைகள். இன்றைக்கும் ஜனங்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். செடி எதையும் வாயில் போடாதீர்கள். கெல்டிக் ரகசியம் கற்றுத்தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால், பிடி ஏர்லி காசு வாங்கியதில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.