பீட்டர்மாரிட்ஸ்பர்க் பட்டை

சைக்கிளில் வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைல் பி.எம்.எக்ஸ் ஓட்டுகிறவர்கள் பலரது வண்டியில் பிரேக் கிடையாது. கைப்பிடியை முழுச் சுற்றுச் சுற்றும்போது கம்பி குறுக்கே வரும் என்று கழற்றி வைத்துவிடுவார்கள். வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் ஒரு காலைப் பின்னால் கொண்டுபோய், ஷூவின் அடியைப் பின் டயர்மேல் வைத்து அழுத்துவார்கள். ரப்பரும் ரப்பரும் உரசி வண்டி நிற்கும்.

ஷூவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரேஸ் ஓட்டும் முன்னணி வீரர்கள் காலைப் பெடலோடு கிளிப் போட்டுப் பூட்டிக்கொள்வார்கள். ஃப்ரீஸ்டைலில் அது நடக்காது. டெயில்விப் என்ற வித்தையில் ஓட்டுகிறவர் அந்தரத்தில் இருக்கும்போதே வண்டியின் உடலை உதைத்து ஒரு சுற்றுச் சுழலவிட்டு, அது திரும்பி வந்ததும் பெடலில் காலை வைத்துத் தரையிறங்க வேண்டும். பெடலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகள் ஷூவின் அடியைக் கவ்விப் பிடிக்கும். தவறினால் கணுக்காலைக் கவ்வும். பெடல், கிராங்க், டயர் என்று எல்லாமே ஷூவின் பக்கவாட்டைச் சுரண்டுகின்றன. கான்வாஸ் சீக்கிரம் கிழிந்துவிடும். வழவழப்பான தோலில் கீறல் விழும். இழை எழுப்பிய ஸ்வேட் தோல்தான் இந்த அடியைத் தாங்கும். அதனால்தான் ஸ்கேட்போர்டுக்காரர்களும் பி.எம்.எக்ஸ்காரர்களும் பல பத்தாண்டுப் பழைய வடிவங்களை இன்னும் விடாமல் போடுகிறார்கள். அவற்றில் சிலவற்றைச் செய்த வேன்ஸ் நிறுவனம் கலிபோர்னியாவில் கடை திறந்தது 1966-ல்.

இந்த விளையாட்டும் அதே ஊர்ப்பக்கத்துச் சரக்கு. 1963-ல் ஷ்வின் நிறுவனம் ஸ்டிங்-ரே என்ற 20 அங்குலச் சக்கர சைக்கிளை விற்பனைக்கு விட்டது. மோட்டோகிராஸ் பைக் வாங்க வசதியில்லாத பையன்கள் அதை மண்மேட்டில் ஏற்றி இறக்கி, வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டு ஓட்டினார்கள். 1971-ல் வந்த 'ஆன் எனி சண்டே' ஆவணப்படம் அந்தப் பையன்களை உலகத்துக்குக் காட்டியது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ் ரேஸ் நுழைந்தது. ஃப்ரீஸ்டைல், டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளி 2021-ல் நடந்தபோது வந்தது.

ஆப்பிரிக்காவில் இந்த விளையாட்டு நன்றாக வேர்பிடித்த நாடு தென்னாப்பிரிக்கா. சிஃபிசோ ந்லாபோ பீஜிங்கிலும் லண்டனிலும் ஒலிம்பிக் ரேஸ் ஓட்டினார். வின்சென்ட் லெய்கோனி 2024-ல் பாரிஸ் ஃப்ரீஸ்டைல் போட்டிக்குப் போனார். அதே ஒலிம்பிக்கில் 49 வயது டல்லஸ் ஓபர்ஹோல்சர் ஸ்கேட்போர்டு ஓட்டினார். பக்கத்தில் நின்ற போட்டியாளர்களில் சிலர் அவருக்குப் பிள்ளை வயது. டர்பனுக்கு மேற்கே ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கில், ஜூலுக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்காக ஸ்கேட் தளம் அமைத்தவரும் இவர்தான். அங்கிருந்து இன்னும் உள்ளே போனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 2010-ல் உலக பி.எம்.எக்ஸ் சாம்பியன்ஷிப் இந்த ஊரில் நடந்தது. மலைச்சரிவில் சைக்கிளை விழவிட்டு ஓட்டும் டவுன்ஹில் போட்டியில் பலமுறை உலகப் பட்டம் வென்ற கிரெக் மின்னார் பிறந்ததும் இங்கேதான்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஊரைத் தெரிந்திருப்பது வேறு காரணத்தால். 1893-ல் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட ரயில் நிலையம் இங்கே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. டேனரிக் கிடங்கில் 25 கிலோ பைகளில் அடுக்கியிருக்கும் செம்பழுப்புத் தூளான 'மிமோசா' வருவது நேட்டால் என்ற இந்த வட்டாரத்திலிருந்துதான்.

தூளாவதற்கு முன் அது மரப்பட்டை. வாட்டில் என்ற அந்த மரத்துக்கும் தென்னாப்பிரிக்கா சொந்த ஊரில்லை. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கைச் சேர்ந்தது. 1864-ல் வாண்டர்பிளாங்க் என்பவர் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையில் உள்ள கேம்பர்டவுனில் விதை போட்டார். காற்றுத் தடுப்புக்கும் விறகுக்கும் நட்டது. பட்டையில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்பு நிறைய இருப்பது தெரியவந்ததும் 1880-களில் ஏற்றுமதி தொடங்கிவிட்டது. மரம் வளர்ந்து ஏறத்தாழ 10 ஆண்டுகளில் வெட்டுவார்கள். மரத்தில் ஈரம் ஓடும் பருவத்தில் பட்டை நீளநீளமாக உரிந்து வரும். அதை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்கி, வற்றவைத்துத் தூளாக்குவார்கள். பட்டை உரித்த கட்டை சில்லுகளாகி ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திலிருந்து காகிதக் கூழுக்காக ஜப்பானுக்குக் கப்பலேறும்.

இந்தப் பட்டை சென்னைக்கு வருவதற்கு முன்பே நம் ஆட்கள் எதிர்த்திசையில் போய்விட்டார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பனில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்ததில் வட ஆற்காடு மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆம்பூர் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

நேட்டால் பட்டை வரும்வரை இங்கே தோலுக்குப் போட்டது ஆவாரம்பட்டை. வெளிச்சம் பட்டால் ஆவாரம்பட்டைத் தோல் சிவக்கும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முக்கு. பிரிட்டிஷ் காலணிச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பேர் வாங்கியது இந்தச் சரக்கே. 2008-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் காட்டிலும் மேட்டிலும் போய் ஆவாரம்பட்டையைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். தோட்டத்தில் வளர்ந்த வாட்டில் பட்டையில் துவர்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரு உலகப் போர்களுக்கு இடையில் சென்னை மாகாண டேனரிகள் நேட்டால் பட்டையைப் பெரிய அளவில் இறக்குமதி செய்யப் பழகிவிட்டன.

1946-ல் தென்னாப்பிரிக்கா அங்குள்ள இந்தியர்களின் நிலவுரிமையைச் சுருக்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இந்தியா வணிகத் தடை விதித்தது. உலகத்தில் எந்த நாடும் அதற்கு முன் தென்னாப்பிரிக்காமீது அப்படிச் செய்ததில்லை. கொள்கை சரிதான், ஆனால் டேனரிக்குப் பட்டை வேண்டுமே! நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் வாட்டில் நட்டார்கள். நிறவெறி ஆட்சி சரிந்துகொண்டிருந்தபோது, 1993-ல் இரு நாடுகளுக்கும் உறவு மீண்டபின் நேட்டால் மிமோசா திரும்பி வந்தது. மலையில் நட்ட மரம் திரும்பிப் போகவில்லை. சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் அது தானாகப் பரவிக்கொண்டே இருக்கிறது. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நேட்டாலிலும் இதே தலைவலிதான். தோட்டத்துக்குள் இருந்தால் பயிர், வேலி தாண்டி ஓடைக்கரைக்குப் போனால் தண்ணீர் குடிக்கும் களை. 1995-ல் அமைச்சர் காதர் அஸ்மல் தொடங்கிய திட்டத்தில் ஏழைகளுக்குக் கூலி கொடுத்து இந்த மரங்களை வெட்டவைத்தார்கள். அஸ்மலும் நேட்டாலில் பிறந்த இந்திய வம்சாவளியினர்தான்.

நேட்டால் பட்டை வராத காலத்தில் இங்கே இன்னொரு மாற்றமும் நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. தோலை முடித்து அனுப்பு, முடிந்தால் ஷூவாக அனுப்பு என்பது கணக்கு. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒய்.நாயுடம்மாவின் தலைமையில் வளர்ந்த தொழில்நுட்பம் இதற்குத் துணை நின்றது. பட்டையின் இடத்தைக் குரோமியம் உப்பு பிடித்தது. வாரக்கணக்கில் தொட்டியில் ஊறிய தோல் இப்போது ஓரிரு நாளில் டிரம்முக்குள் பதமாகி, வெளிர்நீல நிறத்தில் 'வெட் ப்ளூ'வாக வெளியே வருகிறது.

இதன்பிறகு மிமோசாவுக்கு என்ன வேலை? ஸ்வேட் செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குரோம் மட்டும் போட்ட தோல் தளர்வாக இருக்கும். எமரி உருளையில் தேய்த்தால் இழை ஒழுங்கில்லாமல் எழும். வெட் ப்ளூவைச் சீவி ஒரே கனமாக்கி, மறுபடி டிரம்மில் போட்டு, மிமோசாத் தூளைத் தூவிச் சுற்றவிட்டால் இழைகளுக்கு நடுவே துவர்ப்பு போய் அடைத்துக்கொள்ளும். தோல் நிறைந்து இறுகும். அதே டிரம்மில் சாயமும் எண்ணெயும் ஏறும். பிறகு தண்ணீரைப் பிழிந்து, சட்டத்தில் இழுத்து மாட்டிக் காயவைத்து, பஃப்பிங் எந்திரத்தில் கொடுத்தால் குட்டையான, அடர்ந்த இழை எழும்பும். கையால் ஒரு பக்கம் தடவினால் ஒரு நிறம், திருப்பித் தடவினால் இன்னொரு நிறம். மாட்டுத்தோல் கனமானது என்பதால் அதை இரண்டு அடுக்காகப் பிளப்பார்கள். மேல் அடுக்கு பளபளக்கும் ஆபீஸ் ஷூவுக்கு, கீழ் அடுக்கு ஸ்வேடுக்கு. மதிப்பில் இரண்டாம் தரமான அந்த அடுக்குதான் பெடலின் ஊசிகளோடு சண்டைக்குப் போகிறது.

ஒரு விஷயத்தைக் கூட்டிச் சொல்லக் கூடாது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்ட்டிங் என்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்தும் நின்றும் செய்கிற ஷூவில் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்கான தோல் ஷூ. ஸ்கேட் ஷூவும் பி.எம்.எக்ஸ் ஷூவும் பெரும்பாலும் வியட்நாமிலும் சீனாவிலும் தைக்கப்படுகின்றன. இந்த வட்டாரத்துத் தோல் அங்கே முடித்த சரக்காக, சதுர அடிக் கணக்கில் கப்பலேறுகிறது. எந்தத் துண்டு எந்த ஊர் டேனரியிலிருந்து வந்தது என்று ஷூப் பெட்டியில் எழுதியிருக்காது. தைத்த நாட்டின் பெயர் மட்டும் இருக்கும்.

பட்டை, தோல், ஷூ, சைக்கிள் எல்லாம் நகர்ந்து போய்விடுகின்றன. உப்பு மட்டும் இங்கேயே நின்றுவிடுகிறது. அறுத்த தோல் அழுகாமலிருக்கக் கிலோவுக்கு 300 முதல் 500 கிராம் வரை உப்பு போடுவார்கள். டேனரியில் முதல் வேலையே அதைக் கழுவி ஊற்றுவது. இது பட்டைக்கும் முன்னால், குரோமுக்கும் முன்னால். ஆகவே 'தாவரப் பதனீடு' என்று பச்சை இலை படம் போட்டு விற்கும் பைகளைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கிணற்றைக் கெடுத்ததில் குரோமை விட உப்புக்கே பங்கு அதிகம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரிக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டதாக அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது இந்தத் தோல் ஊர்கள் இருக்கும் பாலாற்றங்கரையின் பேரில்தான். இன்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயரைப் படிக்கிறார்கள். பாலாற்றங்கரைக் கிணறுகளின் கரிப்புப் போகவில்லை. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று மாசு பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது, இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கச் சொல்லி.

ஆம்பூரில் பி.எம்.எக்ஸ் தளம் இல்லை. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் உண்டு. அது ஸ்கூல் பையையும் பின்னால் ஒரு தம்பியையும் சுமக்கச் செய்தது, தாவுவதற்குச் செய்ததில்லை. தமிழ்நாட்டில் இந்த வகை விளையாட்டு கடற்கரை வழியாகத்தான் வந்தது. மாமல்லபுரத்தில் ஒரு மீனவர் வீட்டுச் சிறுமி ஸ்கேட்போர்டு ஓட்டும் படம் உலகம் சுற்றி, 'கமலி' என்ற ஆவணப்படமாகவும் ஆனது. உலகம் சுற்றிய அந்தப் புகைப்படத்தில் அவள் காலில் ஷூ இல்லை, வெறுங்கால்.

பிரேக் இல்லாத சைக்கிளில் முதலில் சாவது சோல். டயரில் தேய்ந்து தேய்ந்து ஓட்டை விழும்போதும் மேலே ஸ்வேட் கிழியாமல் இருக்கும். ஆள் அடுத்த ஜோடிக்குப் போய்விடுவார். 2028-ல் ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது, பையன்கள் வாயால் எஞ்சின் ஓட்டிய அதே கலிபோர்னியாவில். பட்டைக்கு ஏறத்தாழ 10 ஆண்டு, அதன்பின் ஆலை, கப்பல், டிரம், தையல் என்று கணக்குப் போட்டால், அந்த ஷூக்களுக்கான வாட்டில் மரங்கள் நேட்டாலில் 2017 வாக்கிலேயே நட்டாகிவிட்டன.