சர்க்கரை போன கதை

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வை முதல் முறை படித்தபோது என் மனம் கதையின் போக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒரு சின்னச் சங்கதி என்னை வழிமறித்தது. லெவினும் அவனுடைய சிநேகிதன் ஒப்லோன்ஸ்கியும் மாஸ்கோவில் ஒரு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகிறார்கள். சிப்பி, ஸூப், மீன், இறைச்சி என்று ஒப்லோன்ஸ்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டால், லெவின் ஷாம்பேன் என்கிறான். எடுத்த எடுப்பிலேயே ஷாம்பேனா என்று ஒப்லோன்ஸ்கி வியக்கிறான். பிறகு, அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொள்கிறான்.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? இன்று ஐரோப்பிய விருந்துகளில் பெரும்பாலும் முதலில் வருவதே ஷாம்பேன்தானே? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மது வாசனையே அறியாத குடும்பத்தில் பிறந்தவன் நான். "இந்த வயதில் இதென்ன ஆராய்ச்சி?" என்று வீட்டில் கேட்டார்கள். கதையில் வருகிற ஒருவன் எதற்காக வியந்தான் என்று தெரியாவிட்டால் கதை எழுதுகிறவனுக்குத் தூக்கம் வராது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

விடை சர்க்கரையில் இருந்தது.

பிரான்சின் வடகிழக்கில், ரைம்ஸ் நகரையும் எபெர்னே ஊரையும் சுற்றியுள்ள பூமிதான் ஷாம்பேன். குளிர் மிகுந்த சீமை. திராட்சை நன்றாகப் பழுப்பது அரிது. ஆகவே மதுவில் புளிப்புத் தூக்கலாக இருக்கும். புட்டிக்குள்ளேயே அது இரண்டாம் முறை நொதிப்பதால் நுரை உண்டாகிறது. அடியில் தங்கும் வண்டலை வெளியேற்றிவிட்டு, குறைந்த அளவை நிரப்பக் கொஞ்சம் மதுவும் சர்க்கரையும் சேர்த்துத் தக்கையால் அடைப்பார்கள். எவ்வளவு சர்க்கரை என்பது வாங்குகிற தேசத்தைப் பொறுத்தது.

ரஷ்யர்களுக்கு இனிப்பு இருந்தால்தான் மது. 1814-இல் நெப்போலியன் வீழ்ந்தவுடன், மற்ற வியாபாரிகள் முந்திக்கொள்வதற்குள் கப்பல் பிடித்து 10,000 புட்டிகளுக்கு மேல் ரஷ்யச் சந்தையைக் குறிவைத்து அனுப்பியவர் விதவையான க்ளிக்கோ அம்மாள். ரஷ்யர்கள் மது அருந்தும்போது சர்க்கரைக் கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள் என்று அவருடைய வியாபாரக் கடிதங்களில் குறிப்பு உண்டு. 2010-இல் பால்டிக் கடலடியில் மூழ்கிக் கிடந்த பழைய கப்பல் ஒன்றிலிருந்து 168 ஷாம்பேன் புட்டிகளை எடுத்தார்கள். அவற்றில் க்ளிக்கோ அம்மாளின் சரக்கும் இருந்தது. சோதித்துப் பார்த்ததில், லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை! இன்றைய கோலா பானத்தில்கூடச் சுமார் 100 கிராம்தான்.

இதை எந்தச் சாப்பாட்டோடு குடிப்பது? ஜாங்கிரி தின்ற வாயில் காப்பியை ஊற்றிப் பாருங்கள், கசக்கும். பாயசத்தைக் குடித்துவிட்டு ரசம் சாதம் சாப்பிட யாருக்கு மனம் வரும்? இனிப்பான மது இனிப்புப் பண்டங்களோடு கடைசியில் வரத்தான் லாயக்கு. ஒப்லோன்ஸ்கியின் வியப்புக்கு இதுவே காரணம் என்பது என் ஊகம். சிப்பிக்கு முன்னால் இனிப்பா?

ஆங்கிலேயர் கதை வேறு. சாப்பாடு முடிந்ததும் அருந்துவதற்கு அவர்களிடம் 'போர்ட்', 'மடீரா' என்ற இனிப்பு மதுக்கள் ஏற்கெனவே இருந்தன. அந்த நாற்காலி காலியாக இல்லை. ஷாம்பேன் அவர்கள் மேஜையில் இடம் பிடிக்க வேண்டுமானால் முன்னால்தான் வரவேண்டும். மீனுக்கும் இறைச்சிக்கும் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்குச் சர்க்கரையைக் கைவிட வேண்டும்.

சொல்வது சுலபம். சர்க்கரை வெறும் ருசிக்காக மட்டும் சேர்க்கப்படவில்லை. பழுக்காத திராட்சையின் புளிப்பையும், அவசரமாக விற்ற மதுவின் முரட்டுத்தனத்தையும் அது மூடி மறைத்தது. சர்க்கரையை எடுத்துவிட்டால் குற்றங்களெல்லாம் வெளியே தெரிந்துவிடும். 1840களில் லண்டன் வியாபாரி ஒருவர் சர்க்கரை சேராத ஷாம்பேனைத் தருவித்துப் பார்த்ததாகவும், குடித்தவர்கள் முகம் சுளித்ததாகவும் சொல்வார்கள்.

அந்தச் சூதாட்டத்தைத் துணிந்து ஆடியவரும் ஒரு விதவைதான். லூயிஸ் பொம்மெரி அம்மாள். 1858-இல் கணவர் இறந்தபோது வியாபாரப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. செம்மது விற்றுவந்த கம்பெனியை நுரை மதுவுக்குத் திருப்பினார். ரைம்ஸில் ரோமானியர் காலத்துச் சுண்ணாம்புக் குழிகளை வாங்கி, பூமிக்கடியில் பிரம்மாண்டமான கிடங்குகளாக்கினார். சர்க்கரை இல்லாத மதுவுக்குப் பழம் நன்றாகப் பழுக்க வேண்டும். அதுவரை மழைக்கும் பனிக்கும் பயந்துகொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு கிடங்கில் வருஷக் கணக்கில் கிடக்க வேண்டும். அத்தனை நாளும் போட்ட முதல் முடங்கிக் கிடக்கும்.

1874-இல் விளைச்சல் நன்றாக அமைந்தது. அந்த ஆண்டுப் பழத்தில் அவர் செய்த மது லண்டனில் பெரும் பெயர் எடுத்தது. 'ப்ரூட்' என்று அதற்குப் பெயர். பக்குவப்படுத்தாதது, கச்சா என்று அர்த்தம். இன்று உலகில் விற்பனையாகும் ஷாம்பேனில் பெரும்பகுதி இந்த ரகம்தான். சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவு. சிப்பியோடும், உப்புக் கரிக்கும் பாலாடைக்கட்டியோடும், எண்ணெயில் பொரித்தவற்றோடும் அது சேர்கிறது. புளிப்பும் நுரையும் கொழுப்பை வாயிலிருந்து துடைத்துவிடுகின்றன.

பெயர்களில் மட்டும் பழைய காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஸெக்' என்றால் பிரெஞ்சு மொழியில் வறண்டது. ஆனால் அந்தப் பெயருள்ள ஷாம்பேனில் 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை! ஒரு காலத்தில் அதுவே வறட்சியாகத் தோன்றியிருக்கிறது. இன்று கல்யாணக் கேக்கோடு 'ப்ரூட்' குடித்துப் புளிக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் இந்தச் சரித்திரம் அறியாதவர்கள். கேக்கோடு குடிக்க 'டெமி ஸெக்' என்ற இனிப்பு ரகம் இன்னமும் இருக்கிறது.

'அன்னா கரீனினா' தொடர்கதையாக வரத் தொடங்கியது 1875-இல். ஒப்லோன்ஸ்கி மாஸ்கோவில் வியந்து நின்ற அதே காலத்தில், ரைம்ஸ் நகரின் பாதாளத்தில் பொம்மெரி அம்மாளின் 1874 மது இருட்டில் காத்துக்கொண்டிருந்தது.

இதை எழுதி முடித்த பிறகு என்னுடைய பழைய கதை ஒன்றை எடுத்துப் படித்தேன். நாலு இடத்தில் சர்க்கரை அதிகம். எந்தப் புளிப்பை மறைக்கப் போட்டேன் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது.